எழுத்து நாள்தான் கலியாண நாள்

கலியாணத்துக்கு எல்லாரும் வந்து சாப்பிட்டுப்போட்டுப் போவினம். அது நடந்தது மெய்தான் எண்டு பிறகு கடுதாசியில ஒத்துக்கொள்ளுற சீவன் ஒண்டு கந்தோரில இருக்கும், அது நான்தான்.

ஊர்காவற்றுறையில ஒரு அரசாங்கக் கந்தோரில உத்தியோகத்தரின்ர சொந்தக் கோவைகளுக்கு, அதாவது பைல்களுக்கு, பொறுப்பான கிளாக்கர் நான். பேர் யோகராணி. வாறவை போறவை எல்லாருக்கும் யோகமக்கா. எங்கட கந்தோருக்குக் கீழ தீவுகளில வேலை செய்யிற உத்தியோகத்தர் ஆர் கலியாணம் கட்டினாலும் என்ர மேசைக்குத்தான் வரவேணும். வைத்தியக் காப்புறுதியில புருஷன்ர பேரையோ பெண்சாதியின்ர பேரையோ சேர்க்கவேணும். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்திலயும் சேர்க்கவேணும். அது நாங்கள் கண்ணை மூடினால் மற்றாளுக்குப் போறது. கேக்கச் சின்ன வேலை மாதிரித்தான் இருக்கும். நீங்களும் எங்கையாவது ஒரு கவுண்டரில, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, காலும் நாரியும் நோக நிண்டிருப்பியள். உங்களுக்கு நான் சொல்லுறது விளங்கும்.

எங்கட பக்கத்தில கலியாணம் ரெண்டு தரம் நடக்கும். முதல் எழுத்து: பதிவாளருக்கு முன்னால மாப்பிள்ளையும் பொம்பிளையும் சாட்சியளும் கையெழுத்து வைக்கிறது. பிறகு ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழிச்சு, வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் லீவில வரேக்க, மண்டபம் கிடைக்கேக்க, தாலிகட்டு. சட்டத்துக்கு எழுத்தோட அலுவல் சரி. சனத்துக்கோ தாலி ஏறுமட்டும் அது கலியாணமே இல்லை. இந்த ரெண்டுக்கும் நடுவில கிடந்து இழுபடுறது நான். கவுண்டரில நான் நாள் முழுக்கச் சொல்லுற வசனம் ஒண்டுதான்: எழுத்து நாள்தான் கலியாண நாள். நித்திரையிலயும் சொல்லுவன் போல கிடக்கு.

சந்திராட்டமம்

புங்குடுதீவில வேலை செய்யிற ஒரு பெடியன் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தான். கலியாணத் திகதி தையில எண்டு போட்டிருந்தது. அத்தாட்சிப் பத்திரத்தில பாத்தால் ஆவணி. "தம்பி, இதென்ன? நீர் ஆவணியிலயெல்லோ கட்டியிருக்கிறீர்?" எண்டனான். "அது சும்மா எழுத்து அக்கா. கலியாணம் தையிலதான்" எண்டான். சும்மா எழுத்தெண்டால் பதிவாளருக்கு என்னத்துக்குக் கேசரியும் வடையும் குடுத்தனீர் எண்டு கேட்டன்.

தையைச் சிவப்புப் பேனையால வெட்டி, ஆவணியை எழுதி, பக்கத்தில ஒரு சின்னக் கையெழுத்து வையும் எண்டு படிவத்தைத் திருப்பினன். கையெழுத்து வைக்க முதல் பின்னால திரும்பிப் பாத்தான். தாய்மனிசி புங்குடுதீவில இருந்து எட்டிப் பாக்கிறா எண்ட பயம் அவனுக்கு. "அக்கா, அம்மா மட்டும் இதைக் காணப்படாது. அண்டைக்கு எனக்குச் சந்திராட்டமம் எண்டு அவ எழுத்துக்கே வரேல்லை" எண்டான்.

பென்சில்

இன்னொரு தாய் நேராவே வந்திட்டா. வேலணை மனிசி. பின்னால மகன், அரசாங்க உத்தியோகத்தன், வளந்த ஆம்பிளை, வாயில கொழுக்கட்டை. மனிசி நான் சொல்ல முதலே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. மருமகளின்ர பேரைக் கோவையில ஏத்தப்படாதாம். எழுத்து முடிஞ்சுதாம், எண்டாலும் அந்தப் பெட்டை இன்னும் அவையின்ர வீட்டு வாசலை மிதிக்கேல்லையாம்.

"அம்மா, எழுத்து நாள்தான் கலியாண நாள். நாளைக்கு உங்கட மகனுக்கு ஒண்டு நடந்தால் ஓய்வூதியம் அந்தப் பிள்ளைக்குத்தான் போகும்" எண்டு சொன்னனான். சொல்லியிருக்கக் கூடாது. "உன்ர வாயில புண் வர! என்ர பிள்ளைக்கு என்ன நடக்கிறது?" எண்டு கந்தோரே திரும்பிப் பாக்கக் கத்தினா. நானும் விடேல்லை. மகனைப் பாத்து, "நீர் சொல்லும், அந்தப் பிள்ளை உமக்கு ஆர்?" எண்டன். அவன் நிலத்தைப் பாத்துக்கொண்டு, "கட்டின மனிசிதான்" எண்டான். எனக்கு அவ்வளவு காணும். பேரை எழுத வெளிக்கிட்டன். மனிசி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னா: "எழுதுறதெண்டால் பென்சிலால எழுதும் பிள்ளை. தாலி கட்டினாப் பிறகு பேனையால எழுதலாம்."

புதுப் பொம்பிளை

மற்றப் பக்கத்தால வாறவையும் இருக்கினம். நயினாதீவில காவலாளியா இருந்த ஒரு அண்ணைக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம்தான். கோவையைத் திறந்து பாத்தால் கலியாணம் கட்டாத ஆளாம்! ஆளுக்குப் பேரப்பிள்ளையள் இருக்கினம். சண்டைக் காலத்தில இடம்பெயர்ந்து போன ஊரில ஒரு பிள்ளையார் கோயிலில தாலியைக் கட்டிப்போட்டு வந்தவை. எழுத்தைப் பற்றி ஒருத்தரும் நினைக்கேல்லை. தாலி கட்டியாச்சு, பிறகென்ன கடுதாசி எண்டு விட்டிட்டினம்.

"அண்ணை, ஓய்வு பெற்றாப் பிறகு எழுதினால் அக்காவுக்கு ஓய்வூதியத்தில பங்கில்லை. நாளைக்கே எழுதுங்கோ" எண்டு கலைச்சுவிட்டன். மற்றக் கிழமை ரெண்டு பேரும் அத்தாட்சிப் பத்திரத்தோட வந்து நிண்டினம். அக்கா தலையில பூ வைச்சிருந்தா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிச்சுது. ஒரு வாழ்க்கை முழுக்கச் சமைச்சுப் போட்ட மனிசி சட்டத்தின்ர கண்ணுக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சா. என்னெண்டு நடந்தது எழுத்து எண்டு கேட்டன். "சம்மதமோ எண்டு கேக்கிறார் பிள்ளை அந்தப் பதிவாளர். இவ்வளவு காலம் கழிச்சு வந்து கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?" எண்டா.

அம்மாவின்ர கண்

நெடுந்தீவில இருந்து வள்ளமேறி, குறிகாட்டுவானில இறங்கி, பஸ் பிடிச்சு வந்தவள் ஒரு தாதிப் பிள்ளை. எழுத்துக்கு நாள் வைச்சாச்சாம். அதுக்கு முதல் ஒரு விஷயம் கேக்க வந்தவள். எங்கட காப்புறுதியில கலியாணம் கட்டாத ஆளெண்டால் தாய் தகப்பனைச் சேர்க்கலாம். கட்டினால் புருஷனும் பிள்ளையளும்; தாய் தகப்பன் வெளியால. அவளின்ர தாய்க்குக் கண்ணில வெள்ளை படர்ந்து ஒப்பரேசனுக்குச் சொல்லியிருந்தது. நான் சட்டத்தைச் சொன்னன். பிள்ளைக்கு முகம் சிவந்திட்டுது. "கலியாணம் கட்டினால் தாய் செத்துப்போச்சுதெண்டோ உங்கட சட்டம் நினைக்குது?" எண்டு கேட்டாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவளில இல்லை, அந்தச் சட்டத்தில. ஆர் இருந்து யோசிச்சாங்களோ, கோதாரி! மறைக்கச் சொல்லி நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஆனால் தள்ளிவைக்கிறதுக்குச் சட்டமில்லை. "பிள்ளை, எழுத்தைக் கொஞ்சம் பின்னுக்குப் போடும். முதல் அம்மாவின்ர ஒப்பரேசனை முடிச்சுப்போடும்" எண்டன். மாப்பிள்ளை பகுதி கோவிச்சால் என்ன செய்வீர் எண்டும் கேட்டன். அவள் பையைத் தூக்கித் தோளில போட்டுக்கொண்டு சொன்னாள்: "மாப்பிள்ளை நிப்பார் அக்கா. அம்மாவின்ர கண் நிக்காது."

மீன் வாங்காத ஆள்

இனி என்ர கதைக்கு வாறன். எனக்கு அம்பத்திரண்டு வயசு, கலியாணம் கட்டாமல் புளியங்கூடலில தனிய இருந்தனான். கந்தோர் ஆக்களுக்கு மோட்டார் சைக்கிளில மீன் கொண்டு வாறவர் மரியதாஸ். மண்டைதீவு ஆள், கடல் தொழில், பெண்சாதி செத்துக் கனகாலம், பிள்ளையள் இல்லை. நான் சைவம். அவரிட்ட மீன் வாங்காத ஒரே ஆள் நான்தான். ஒருநாள் வந்து கேட்டார், "எல்லாரும் வாங்கினம், நீங்கள் மட்டும் ஏன் என்னை முறைச்சுப் பாக்கிறியள்?" எண்டு. "நான் மீனைத்தான் முறைக்கிறன், உங்களை இல்லை" எண்டனான். அப்பிடியே கதை வளந்திட்டுது. அவர் வேதம், கிறிஸ்தவர். நான் மாறமாட்டன் எண்டன், தானும் மாறமாட்டன் எண்டார். கோயிலும் வேண்டாம் தேவாலயமும் வேண்டாம், எழுத்து மட்டும் எண்டு முடிவெடுத்தம்.

இருந்தும் கொஞ்சம் ஆறுதலாச் செய்யத்தான் நினைச்சனாங்கள். அதுக்கிடையில அவருக்கு நெஞ்சுக்க நோ வந்திட்டுது. இரத்தக் குழாய் அடைப்பாம், ஒப்பரேசன் கெதியாச் செய்யவேணுமாம். அரசாங்க ஆஸ்பத்திரியில வரிசை நீளம். தனியார் ஆஸ்பத்திரி எண்டால் உடன செய்யலாம், ஆனால் அந்தச் செலவைக் காப்புறுதி தாங்கினால்தான் உண்டு. அடுத்த கிழமையே எழுத்தை எழுதினம். காப்புறுதிக்காகக் கட்டினவள் எண்டு ஆரும் சொல்லுறதெண்டால் சொல்லட்டும். ஒரு மனிசன் உயிரோட இருக்கவேணும் எண்டு கட்டுறதை விடத் திறமான காரணம் ஆரிட்டையும் இருந்தால் வந்து சொல்லுங்கோ, கேப்பம்.

பதிவாளரிட்டக் கையெழுத்து வைச்சுப்போட்டு மத்தியானம் வேலைக்கு வந்திட்டன். பக்கத்து மேசைச் சுமதியிட்ட விஷயத்தைச் சொன்னன். அவள் கதிரையை என்ர பக்கம் இழுத்துப்போட்டாள். பிறகு முதல் கேட்ட கேள்வி: "அப்ப யோகமக்கா, இனி எங்களுக்கு மீன் விலை குறையுமோ?"

ஒரு படம்

சொந்தக் கோவையைச் சொந்தக்காரர் தொட ஏலாது. அது நியாயம்தான். அதால என்ர அலுவலைச் சேர்தான், எங்கட நிர்வாக உத்தியோகத்தர், செய்யவேணும். அத்தாட்சிப் பத்திரம், படிவம், அவற்ற பிறப்புப் பதிவு எல்லாம் ஒரு குறையில்லாமல் வைச்சுக் குடுத்தனான். மற்றாக்களுக்குச் செய்து செய்து பழகின கையெல்லோ. கிழமை ரெண்டு போட்டுது. சேரின்ர மேசையில, கண்ணாடிக் குண்டுக்குக் கீழ, வைச்ச இடத்திலயே கிடக்கு. வீட்டில மரியதாஸ் படியேற ஏலாமல் மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கிறார்.

பிறகுதான் தெரிஞ்சுது, என்ர தம்பி வந்து சேரைக் கண்டுபோட்டுப் போயிருக்கிறான். யாழ்ப்பாணத்தில கட்டி அங்கயே இருக்கிறவன். நான் செத்தால் வாற பணிக்கொடைக்கு அவன்ர பேரைத்தான் அந்தக் காலத்தில குடுத்திருந்தனான். அவனுக்கு அந்தக் காசு தேவையில்லை. அக்கா கடல் தொழில்காரனை, அதுவும் வேதக்காரனைக் கட்டினது அரசாங்கக் கோவையில ஏறிட்டால் பிறகு அழிக்க ஏலாது எண்டதுதான் அவன்ர வயித்தெரிச்சல். குடும்ப மானமாம். அம்மா பாயில கிடந்த காலம் முழுக்க நான் தனியக் கழுவித் துடைச்சனான். அப்ப ஒரு குஞ்சும் வந்து மானத்தைப் பற்றிக் கதைக்கேல்லை.

நேர சேரின்ர அறைக்குள்ள போனன். "எனக்கொரு பிரச்சினையும் இல்லை யோகராணி. உங்கட தம்பி சரியா மனம் நொந்துபோனார். நாளைக்குச் சனம் என்னையெல்லோ கேக்கும்?" எண்டார். சனத்துக்கோ சேர் கோவை வைச்சிருக்கிறியள் எண்டு கேட்டன். மனிசன் நெளிஞ்சார். நல்ல மனிசன்தான், ஆனால் ஆரையும் பகைக்கப் பயம். எனக்கு உதவி செய்யிற நினைப்பில ஒரு வழியும் சொன்னார்: "ஒரு மாலையைப் போட்டு, தாலி கட்டுற மாதிரி ஒரு படம் எண்டாலும் எடுத்துக்கொண்டு வாங்கோவன். நான் உடன கையெழுத்து வைக்கிறன்."

கவுண்டருக்கு அங்கால

அடுத்த நாள் லீவு எடுத்தன். லீவு எடுத்துப்போட்டு மரியதாசையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்குத்தான் போனன். உள்ளுக்குப் போகேல்லை. சனம் இருக்கிற வாங்கில, சனத்தோட சனமா இருந்தம். பியோன் தம்பி ஓடி வந்து, "அக்கா, உள்ளுக்கு வாங்கோவன், ஏன் இஞ்ச இருக்கிறியள்?" எண்டான். இண்டைக்கு நான் பொதுசனம், சேரைக் கூப்பிடும் எண்டன். சேர் அறை வாசலில நிண்டு கையால கூப்பிட்டுப் பாத்தார். நான் அசையேல்லை. வேற வழியில்லாமல் கவுண்டருக்கு வந்தார், கையில என்ர கோவை.

"சேர், எந்தச் சுற்றறிக்கையில தாலிப் படம் கேட்டுக் கிடக்கெண்டு காட்டுங்கோ. காட்டினால் இப்பவே போய் எடுத்துக்கொண்டு வாறன். இல்லையெண்டால், ஏன் ஏத்தமாட்டன் எண்டதை எழுதித் தாங்கோ. நான் மேலிடத்துக்கு அனுப்புறன்" எண்டன். "மெதுவாக் கதையுங்கோ யோகராணி, சனம் பாக்குது" எண்டார். "சத்தம் போடத்தான் சேர் லீவு எடுத்தனான்" எண்டன். வாங்கில இருந்தவை கொல்லெண்டு சிரிச்சினம். எனக்குச் சிரிப்பில்லை. இவர் இண்டைக்கும் கோவையைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்குப் போனால் இந்த மனிசனை நான் எங்க கொண்டுபோவன் எண்ட பயம்தான்.

சேர் என்னை விட்டிட்டு மரியதாசைப் பிடிச்சார். "அண்ணை, நீங்களெண்டாலும் சொல்லுங்கோவன். ஒரு முறை தலை எண்டு இருக்கெல்லோ?" எண்டார். மரியதாஸ் மெல்ல எழும்பி, கவுண்டரைப் பிடிச்சுக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "சேர், என்ர வள்ளத்துக்கு நம்பர் எழுதினாப் பிறகுதான் காப்புறுதி தந்தவை. வள்ளத்துக்குத் தாலி கட்டின படம் ஒருத்தரும் கேக்கேல்லை."

என்ன முறை?

சேர் அந்தக் கவுண்டரில வைச்சே கையெழுத்து வைச்சார். காப்புறுதியில பேர் ஏறிச்சுது, ஓய்வூதியத்திலயும் ஏறிச்சுது, பேனையால. ஆஸ்பத்திரியில நாளும் தந்தினம். தம்பிக்குச் சொல்லி அனுப்பினன், வரேல்லை. வராட்டில் போகட்டும். ஒப்பரேசன் அண்டைக்கு விடியப்பறம் மண்டைதீவில இருந்து மரியதாசின்ர ஆக்கள் வந்து நிண்டினம். அதுகளுக்கும் என்னைப் பெரிசாப் பிடிக்காது. எண்டாலும் வந்ததுகள்.

அவரைத் தள்ளுவண்டியில ஏத்தி, வெள்ளைத் துணியால மூடி, ஒப்பரேசன் அறைக் கதவடியில கொண்டந்து வைச்சினம். ஒரு தாதிப் பிள்ளை கடுதாசியோட வந்து, "நோயாளிக்கு நீங்கள் என்ன முறை?" எண்டு கேட்டாள். மனிசி எண்டன். அவள் என்ர கழுத்தைப் பாத்த மாதிரி எனக்குப் பட்டுது. அவ்வளவு நாளும் பிடிச்ச சண்டை எல்லாம் ஒரேயடியா வாய்க்கு வந்திட்டுது. "தாலி இல்லைப் பிள்ளை, எழுத்து மட்டும்தான். ஆனால் எழுத்து நாள்தான் கலியாண நாள். அத்தாட்சிப் பத்திரம் கிடக்கு, கோவையில ஏத்தின கடிதமும் கிடக்கு" எண்டு பையைக் கவிட்டுக் கொட்டி, நிலத்தில குந்தியிருந்து கடுதாசியளைப் பொறுக்கத் தொடங்கிட்டன். கண்ணீர் ஓடுது, ஒண்டும் வாசிக்க ஏலேல்லை. இந்தக் கதவுக்கு முன்னால வைச்சு நீ ஆர் எண்டு கேட்டுக் கலைச்சுப்போடுவாங்களோ எண்ட பயம். தள்ளுவண்டியில கிடந்தவர் சிரிக்கிறார்.

அந்தப் பிள்ளை குனிஞ்சு என்ர கையில பேனையை வைச்சாள். "தாலியை ஆரக்கா கேட்டது? கெதியாக் கையெழுத்தை வையுங்கோ, டொக்டர் உள்ளுக்கு நிக்கிறார்."

மனிசன் இப்ப உப்பில்லாத கறியைத் திண்டுபோட்டு என்னை ஏசிக்கொண்டு திடமா இருக்கிறார். கந்தோர் முழுக்கச் சண்டை பிடிச்சு அவற்ற பேரை ஏத்துவிச்ச, நான் செத்தால் வாற அந்த ஓய்வூதியத்தை ஒருநாளும் எடுக்கப்படாது எண்டுதான் ரெண்டு பேரும் வீம்புக்கு உயிரோட இருக்கிறம்.